ஒன்பதாவது பாட்டைப் பற்றிய அபிப்பிராயம்

வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். முப்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை. வேலை செய்யும் பல்செட்டுக் கூடத்தில் அவன் பெயர் மெழுகு. பிளாஸ்டர் அச்சின் மேல் பல் வரிசையை முதலில் மெழுகில் செதுக்கிப் பார்ப்பது அவன் வேலை என்பதால் வந்த பெயர். இந்த இரண்டு இடத்துக்கும் வெளியே, முகம் தெரியாத எண்பதாயிரம் பேருக்கு அவன் காது. ராப் பாட்டுகளைக் கேட்டு அபிப்பிராயம் சொல்லும் சேனல் ஒன்றை ஆறு வருஷமாக நடத்திக்கொண்டிருந்தான். திரையில் ஒரு காதின் படம் மட்டும் இருக்கும். பின்னால் அவன் குரல். 'காது அண்ணே, நீங்க சொன்னாதான் நான் கேட்பேன்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அந்தச் சேனலே தகரம் என்ற பாட்டுக்காரனுக்காகத் தொடங்கியதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் தகரத்தின் முதல் ஆல்பம் 'ஒழுகல்' வந்தபோது சின்னவனுக்கு இருபத்திரண்டு வயது. குளியலறையில் வைத்துப் பதிவு செய்த ஆல்பம் அது. 'மழை வந்தா எங்க வீட்டுக்குத் தாளம் போட ஆள் வேணாம்' என்று தொடங்கும் முதல் வரியைக் கேட்டபோது சின்னவன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டான். அன்றிலிருந்து தகரம் என்றால் அவனுக்கு உயிர். யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால்கூட வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவான்.

நான்கு வருஷ இடைவெளிக்குப் பிறகு தகரத்தின் நான்காவது ஆல்பம் 'உச்சி' வெள்ளிக்கிழமை மதியம் வெளியாவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை சின்னவனின் போனுக்கு ஒரு இணைப்பு வந்தது. கூடவே தகரத்தின் குரலில் ஒரு செய்தி. "காது, உனக்குத்தான் முதல்ல அனுப்புறேன். ஊர்ல ஆயிரம் பேரு பேசுவான். நீ சொல்றதுதான் நிக்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆல்பமும் உன் வீடியோவும் சேர்ந்து வரணும்."

கரும்பு தின்னக் கூலியா என்று சின்னவன் அந்தச் செய்தியை நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்டான். மதியச் சாப்பாட்டு நேரம் வரை அவன் செதுக்கிய பல்லெல்லாம் சிரித்த பல்லாகவே வந்தது.

கூடத்தின் பின்பக்கம் அச்சு வார்க்கும் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவு ஈரத்தில் உப்பிப்போய், தோளால் இடித்தால்தான் திறக்கும். மூன்று சுவரிலும் அலமாரி. அலமாரி நிறைய வாடிக்கையாளர்களின் தாடை அச்சுகள், வெள்ளை வெளேரென்று, இருநூறு முந்நூறு. சத்தம் உள்ளே வராது, வெளியேயும் போகாது. சேனலுக்கான பதிவுகளைச் சின்னவன் அங்கேதான் மதிய வேளையில் செய்வான். அன்றைக்கும் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் பாட்டு சரியில்லை. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதில் வேறு யாரோ பாதிப் பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள். நான்காவது பாட்டு தகரம் வாங்கிய புதுக் காரைப் பற்றியது. 'நாலு கதவு தெறக்குது, நாடே நம்மை மொறைக்குது' என்று அதையே பதினாறு தடவை சொன்னான். முன்பெல்லாம் தகரம் ஒரு வரி முடித்துவிட்டு மூச்சு வாங்குவது கேட்கும். அந்த மூச்சுக்காகவே சின்னவன் பாட்டைத் திரும்பப் போடுவான். இந்த ஆல்பத்தில் மூச்சையெல்லாம் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். மனுஷன் பாடுகிற மாதிரியே இல்லை. எட்டாவது பாட்டு முடிந்தபோது சின்னவனுக்கு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்பது போன்ற கவலை வந்துவிட்டது. இதை எப்படி வெளியே சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒன்பதாவதைப் போட்டான்.

ஒன்பதாவது பாட்டின் பெயர் 'மூணாவது மாடி'.

மேளச் சத்தம் எதுவும் இல்லாமல் தொடங்கியது. ஒரு பையன். மூன்றாவது மாடிப் படிக்கட்டு. மீட்டர் பெட்டிக்குள் ஒளித்து வைத்த ஒரு புதுப் பை. அப்பா அந்தப் பையை எடுத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறார். பையன் மட்டும் பார்க்கிறான். 'யார்கிட்டயும் மூச்சு விடாதே' என்கிறார் அப்பா. கடைசியில் அந்த வரி வந்தது.

குனிஞ்சு லேஸைக் கட்டுனாரு, கண்ணுல தண்ணி கட்டுச்சு,
முடிச்சு மேல சொட்டுச்சு, மூச்சு எனக்கு முட்டுச்சு.

அந்த இடத்தில் தகரத்தின் பழைய மூச்சு கேட்டது. ஆல்பம் முழுவதிலும் அந்த ஒரே இடத்தில் அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

சின்னவன் ஹெட்போனைக் கழற்றினான். அந்தப் பையன் அவன்தான்.

இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவன் அப்பா வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா போலீஸுக்குப் போனாள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். வீட்டில் ஒரு துணிகூடக் குறையவில்லை என்பதால் அவர் ஓடிப்போயிருக்கமாட்டார், வழியில் ஏதோ ஆகியிருக்கும், தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்கும் என்று நம்பினாள். இன்று வரைக்கும் அந்த வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் வந்தா எங்கே வந்து தேடுவார்?" என்பாள். அப்போது பதினேழு வயதாக இருந்த அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லிஃப்ட் மெக்கானிக் ஒருவரிடம் வேலைக்குப் போனான். பிறகு வேறு ஊரில் நல்ல பதவி கிடைத்தபோதும் அம்மாவை விட்டு நகர முடியாமல் வேண்டாமென்று சொன்னான். கல்யாணப் பேச்சும் இப்படியே தட்டிப்போனது.

பதினொரு வயதுச் சின்னவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அன்று காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்தவன், அப்பாவின் பின்னாலேயே படிக்கட்டுக்கு வந்துவிட்டான். சாயங்காலம் வந்து எல்லாம் சொல்கிறேன், அதுவரை மூச்சு விடாதே என்றார் அப்பா. சாயங்காலம் வரைதானே என்று அவனும் இருந்தான். சாயங்காலம் போய் மறுநாள் வந்தது. மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் ஒரு வாரத்துக்குப் பதில் சொல்லவேண்டும். இப்படியே நாள் ஏற ஏற வாய் இறுகிக்கொண்டே போனது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருபத்தோரு வருஷம்.

ஒரே ஒரு தடவை சொன்னான். 'ஒழுகல்' கேட்ட வேகத்தில், அதன் அட்டையில் இருந்த முகவரிக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதிப் போட்டான். கீழே பெயர் போடாமல் 'மூணாவது மாடிப் பையன்' என்று மட்டும் எழுதினான். பதில் வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கடிதத்தில் எல்லாம் உண்மை, ஒரு விஷயம் தவிர. அப்பா அழுதார் என்று எழுதியது பொய். முன்பின் தெரியாத ஒருவருக்குக்கூட உண்மையை அப்படியே எழுத அவன் கை வரவில்லை. இப்போது அந்தப் பொய்தான் பாட்டின் உச்சமாக வந்து நின்றது.

கதவை யாரோ இடித்தார்கள். பல்லுக்கு வண்ணம் தீட்டும் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் அவன்தான் காது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னடா, பல்வலிக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கே? உன் ஆளோட பாட்டு வந்துடுச்சுன்னு காலையில குதிச்சியே."

"கேட்டுட்டேன் அக்கா."

"எப்படி?"

"எட்டு பாட்டு சரியில்ல."

"மீதி?"

"ஒண்ணு நல்லா இருக்கு," என்றான் சின்னவன். "அதான் பிரச்சனை."

அக்காவுக்குப் புரியவில்லை. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போ என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். அது வழக்கம்போல இறுகிக்கொண்டது.

நல்லா இருக்கு என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கண்ணீர் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவன். தெரிந்தே பொய்யைப் புகழ்ந்தால் ஆறு வருஷம் காது என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு அர்த்தமில்லை. பொய் என்று சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இந்த ஒரு பாட்டைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடலாம். ஆல்பத்தின் நல்ல பாட்டை மட்டும் ஏன் விட்டாய் என்று அதற்கும் கேட்பார்கள். புதன்கிழமை மதியம் மூன்று விதமாகப் பதிவு செய்து பார்த்து மூன்றையும் அழித்தான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தகரமே கூப்பிட்டான்.

"ஒன்பதாவது எப்படி?"

"அது யாரோட கதைண்ணே?" என்றான் சின்னவன்.

தகரம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. ரொம்ப நாள் முன்னாடி ஒரு லெட்டர் வந்துச்சு. எழுதினவன் பேர்கூடப் போடல. பாவம், இருக்கானோ இல்லையோ. வீடு மாத்தும்போது கையில கிடைச்சுது. படிச்சதும் ஒரே மூச்சுல பாட்டு வந்துடுச்சு."

"அதை ஆல்பத்துல போட்டிருக்கலாமே, லெட்டர்லேருந்து வந்துச்சுன்னு."

"போட்டா பாட்டு படுத்துடும் தம்பி. கேட்கிறவன் அது என் அப்பான்னு நினைச்சாதான் அழுவான். நீயும் வெளியே மூச்சு விடாதே, என்ன?"

பஸ் வந்தது. சின்னவன் சரி என்றான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆல்பம் வந்தது. காதின் அபிப்பிராயமும் வந்தது. ஒன்பது நிமிஷம் பேசியிருந்தான். மனதில் பட்டதை மறைக்காமல் சொன்னான். 'இந்த ஆல்பத்துல தகரம் இல்ல, தகரத்து மேல அடிச்ச பெயிண்ட்தான் இருக்கு. எதுகை விழுது, ஆனா எதுக்கு விழுதுன்னு தெரியல. மூச்சை வெட்டிட்டீங்க, அதோட ஆளையும் வெட்டிட்டீங்க.' இதெல்லாம் ரசிகர்கள் ஒருவேளை பொறுத்திருப்பார்கள். கடைசியில் ஒன்பதாவது பாட்டுக்கு வந்தபோது அவன் எழுதி வைத்திருந்த தாளில் 'கட்டமைப்பு அருமை' என்று இருந்தது. அதை வாசிக்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

'பாட்டு நல்லா கட்டியிருக்கு. ஆனா அந்தக் கடைசி வரி பொய். போற ஆள் அழமாட்டான்.'

அதை வெட்டிவிட்டுப் போட்டிருக்கலாம். வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தான்.

ஒரு மணி நேரத்தில் ஊரே திரண்டு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களை அழ வைத்த வரியைப் பொய் என்று சொல்ல இவன் யார் என்றார்கள். பொறாமை என்றார்கள். காது அடைத்துவிட்டது, மருந்து ஊற்று என்று எழுதினான் ஒருவன். தன் அப்பாவும் இப்படித்தான் போனார், அவரும் அழுதார் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டுச் சின்னவன் போனைக் கவிழ்த்து வைத்தான். சாயங்காலம் தகரத்திடமிருந்து ஒரு வரி வந்தது. 'உங்க அப்பா வீட்டுல இருக்காரு போல, அதான் உனக்கு அந்த வலி தெரியல.'

அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் விட்டு விட்டு நின்றுகொண்டிருந்தது. கட்டடத்தின் லிஃப்ட்டை எப்போதும் அண்ணன்தான் பார்ப்பான். "வாடா, டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்று சின்னவனைக் கூப்பிட்டான். இரண்டு மாடிக்கும் மூன்று மாடிக்கும் நடுவே பெட்டியை நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டு, உள்கதவை விலக்கினான். எதிரே கிரீஸ் படிந்த செங்கல் சுவர். மேலே மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு, எட்டும் தூரத்தில். அதன் செம்பு முனை கரியடைத்துப் போயிருந்தது. அண்ணன் ஏணியில் ஏறி அதை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான். சின்னவன் கீழே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமில்லை.

"நீ பேசினதைக் கேட்டேன்," என்றான் அண்ணன் திடீரென்று.

சின்னவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனுக்கு ராப் பிடிக்காது. சண்டைக்காரன் மூச்சிரைக்கிற மாதிரி இருக்கிறது என்பான். தம்பியின் சேனலை அவன் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

"எதை?"

"அதான், மூணாவது மாடி. கூட வேலை செய்யறவன் போட்டுக் காட்டினான். ரெண்டு நாளா அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன், நாப்பது அம்பது தடவை இருக்கும். நீ என்ன சொல்லியிருக்கேன்னு பார்ப்போம்னு போட்டேன். ஏன்டா அப்படிச் சொன்னே?"

"எனக்குப் பட்டதைச் சொன்னேன்."

"அழமாட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?" அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் சொல்றேன் கேளு. நம்ம அப்பா செத்திருந்தா பாவம், ஓடியிருந்தா பாவி. எதுன்னு தெரியாம இருபத்தோரு வருஷமா ஒரு நாள் அழறேன், ஒரு நாள் திட்டறேன். இந்தப் பாட்டைக் கேட்டப்புறம் திட்ட வாய் வரல. ஓடினவனும் அழுதுட்டுத்தான் ஓடியிருக்கான், அப்படித்தானே பாட்டு சொல்லுது? எனக்கு அது போதும்டா. வெள்ளிக்கிழமை நல்லா தூங்கினேன். நீ என்னடான்னா பொய்யின்னு சொல்றே."

டார்ச் வெளிச்சம் பூட்டின் மேல் நிற்காமல் ஆடியது.

"நேரா பிடி," என்றான் அண்ணன். "ஆனா அந்தப் பயலை மட்டும் என்னால மன்னிக்க முடியல. தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தான் பாரு. அவன் அம்மா என்ன பாடு பட்டிருப்பா."

வேறு எங்கேயாவது இருந்திருந்தால் சின்னவன் எழுந்து போயிருப்பான். தண்ணீர் குடிக்கிறேன் என்று நழுவியிருப்பான். போன் வந்தது போல நடித்திருப்பான். அங்கே முன்னால் செங்கல் சுவர், மேலே அண்ணனின் இரண்டு கால்கள். அண்ணன் இந்த வேலையை முடித்து மின்சாரத்தைப் போடாமல் யாரும் எங்கும் போக முடியாது.

"அழல அண்ணா," என்றான்.

"என்ன?"

"அப்பா அழல. நான்தான் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். புது ஷூ. லேஸ் கட்டினாரு. அந்தப் பாட்டு ஒரு லெட்டர்லேருந்து வந்தது, அதை எழுதினது நான். அழுதாருன்னு நான்தான் பொய்யா எழுதினேன்."

உப்புத்தாள் நின்றது. அண்ணன் உடனே இறங்கவில்லை. ஏணியிலேயே இருந்தபடி, வேலையிடத்தில் ஒரு பழுதைப் பற்றி விசாரிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"எந்த இடத்துல?"

"நம்ம மாடியில. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல."

"எத்தனை மணி?"

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம். அம்மா குளிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அழலன்னா, எப்படி இருந்தாரு?"

சின்னவன் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தான். முடியவில்லை. "விசில் அடிச்சாரு. கீழே போற வரைக்கும் கேட்டுச்சு."

அண்ணன் உப்புத்தாளை ஏணிப் படியில் வைத்தான். பிறகு, "நானும் அம்மாவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினோமே," என்றான். "பிணவறைக்குள்ள போயி ஒவ்வொரு துணியா விலக்கிப் பார்த்தேனே. நீ அப்போ?"

"வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு."

அடிப்பான் என்று சின்னவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தான். அண்ணன் திரும்பவும் உப்புத்தாளை எடுத்து, பாதியில் விட்ட முனையைத் தேய்த்து முடித்தான். திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். ஏணியை மடக்கினான். மின்சாரத்தைப் போட்டதும் பெட்டி லேசாகக் குலுங்கி மேலே ஏறி மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. அண்ணன் வெளியே போகாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மாகிட்ட சொல்லாதே."

"சொல்லிடலாம்னுதான் அண்ணா நான்..."

"இருபத்தோரு வருஷமா ஒரு ஆள் வருவான்னு உட்கார்ந்திருக்காங்க. இனிமே சொன்னா, ஆளும் போச்சு, வருஷமும் போச்சு. எதை வெச்சுக்கிட்டு உட்காருவாங்க?" அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "நீ பதினொரு வயசுல தெரியாம வாயைப் பூட்டிக்கிட்டே. நான் முப்பத்தெட்டு வயசுல தெரிஞ்சே பூட்டிக்கணும். நல்ல வேலை பண்ணினே."

வீட்டுக்குள் நுழையும்போது மறுபடியும் திரும்பினான். "அந்த வீடியோவை எடுத்துடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க போன்ல அது ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு நாள் இல்ல ஒரு நாள் உன் குரலை அம்மா கேட்டுடுவாங்க. உனக்கு எப்படிடா தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவே?"

சின்னவன் அன்று மதியமே அதை எடுத்தான். ஆறு வருஷத்தில் அவன் சொன்ன அபிப்பிராயங்களிலேயே முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். அதை அழிக்க இரண்டு தடவை 'ஆம்' என்று அழுத்தவேண்டியிருந்தது. வீடியோ காணாமல் போனதும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். காது திருந்திவிட்டான், மனசாட்சி உறுத்தியிருக்கும் என்றார்கள். தகரம் ஒரு இதயத்தை அனுப்பி, 'புரிஞ்சுக்கிட்டதுக்கு நன்றி தம்பி. அடுத்த ஆல்பமும் உனக்குத்தான் முதல்ல' என்று எழுதியிருந்தான். சின்னவன் பதில் போடவில்லை. போடாததையும் அவர்கள் பணிவு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கூடத்தில் வண்ணக்கார அக்கா மட்டும் கேட்டாள். "ஏன்டா எடுத்தே? நீ சொன்னது சரிதான்னு எனக்குப் பட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் போனப்போ சாவியை மறந்துட்டேன்னு திரும்பி வந்து எடுத்துட்டுப் போனாரு. அழவெல்லாம் இல்ல."

அக்காவின் வீட்டுக்காரர் போனார் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆறு வருஷமாக எதிர் எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல், "வீட்டுல எடுக்கச் சொன்னாங்க அக்கா" என்று மட்டும் சொல்லி மெழுகுக் கத்தியை நெருப்பில் காட்டினான்.

வீட்டில் அண்ணன் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கோபமாக இருந்தால் பரவாயில்லை, கோபமும் தெரியவில்லை. சாப்பிடும்போது அம்மா வழக்கம்போல, "இன்னிக்குக் கீழே ஒருத்தர் போனார், பின்னாலேருந்து பார்த்தா உங்க அப்பா நடை மாதிரியே இருந்துச்சு" என்றாள். மாதத்துக்கு ஒரு தடவையாவது அவள் சொல்வதுதான். முன்பெல்லாம் அண்ணன், "அப்படியாம்மா, முகத்தைப் பார்த்தியா?" என்று ஆசையாகக் கேட்பான். இப்போதும் கேட்டான். அதே சொற்கள்தான். ஆனால் கேட்கும்போது சின்னவனைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தான். அண்ணனுக்கு நடிக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவன் கழுத்தில் நரம்பு புடைப்பது சின்னவனுக்குத் தெரிந்தது. இந்த வித்தையை இருபத்தோரு வருஷமாகப் பழகியவன் எதிரே, புதிதாகப் பழகுகிறவன் உட்கார்ந்திருந்தான்.

ஒன்பதாம் நாள் மதியம். இருவருக்கும் விடுமுறை. அம்மா சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்காமல், இருவருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா," என்றான் அண்ணன்.

"வீடியோவை எடு, பாட்டு கீட்டுன்னு அன்னிக்கு வாசல்ல சொல்லிக்கிட்டு இருந்தே, பாதி காதுல விழுந்துச்சு. பாட்டுக்கா சண்டை?"

சின்னவன்தான், "ஆமாம்மா, ஒரு பாட்டு" என்றான். அந்த நிமிஷத்துக்கு அது உண்மையாகவும் இருந்தது.

"எங்கே, போடு. நானும் கேட்கிறேன். யார் பக்கம் நியாயம்னு நான் சொல்றேன்."

அண்ணனின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. சின்னவன் போனை எடுத்தான். 'உச்சி' திறந்தது, ஒன்பது பாட்டும் வரிசையாக. ஒன்பதாவதின் பக்கத்தில், அதிகம் பேர் கேட்டது என்று ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள்தான், கண்ணாடி போட்டிருக்கவில்லை. சின்னவனின் விரல் கீழே போகப் பார்த்து, மேலே வந்து, நான்காவது பாட்டை அழுத்தியது.

'நாலு கதவு தெறக்குது, நாடே நம்மை மொறைக்குது' என்று தகரம் கத்தத் தொடங்கினான். அம்மா கன்னத்தில் கைவைத்து, கோர்ட்டில் சாட்சி கேட்பது போல முழுப் பாட்டையும் கேட்டாள். பதினாறு தடவையும் கேட்டாள். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. அந்தப் பாட்டு இவ்வளவு நீளம் என்று சின்னவனுக்கு அதுவரை தெரியாது.

முடிந்ததும் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கா?"

"ஆமாம்மா," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"அவன் கார் வாங்கினா உங்களுக்கு என்ன வந்துச்சு? நல்லாவும் இல்ல. சின்னவன் நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா அவன் சொன்னதுதான் சரி. பெரியவனே, நீ விட்டுக் கொடு." தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். "பேசிக்கோங்க. நான் பார்க்கணும்."

அவள் அங்கேயே நின்றாள். அண்ணன் தம்பியை நிமிர்ந்து பார்த்தான். ஒன்பது நாளில் முதல் தடவை.

"நீ சொன்னதுதான் சரி," என்றான்.

"இருக்கட்டும் அண்ணா," என்றான் சின்னவன்.

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தட்டுகளோடு உள்ளே போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் மேசையின் இரண்டு பக்கமும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவள் திரும்பி வருவதற்குள் இன்னும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. எதைப் பேசுவது என்றுதான் தெரியவில்லை.